இருவதாவது அத்தியாயம்

இல்ல சார், அங்கதான் நீங்க தப்பா புரிஞ்சிகினீங்க. பூவம்மா அந்த மாரி பொம்பள கெடையாது. ரைஸ் மில்லு ஓனரு கைய புட்ச்சப்போ அவ பேசாம நின்னான்னு நீங்க எயுதிகீறீங்க. பயந்துகினு நின்னான்னு நெனச்சிதான எயுதினீங்க? பயமாவது ஒன்னாவது. எங்க அட்ச்சா இவனுக்கு நல்லா வலிக்கும்னு யோசிச்சிகினு நின்னா. எங்க தெருவே அத்தத்தான் சொல்லுது. நீங்க ரைட்டரு, இல்லன்னு சொல்லல. அதுக்கோசரம் எயுதனவருக்கே எல்லாம் தெரியும்னு சட்டம் கீதா?

கால நல்லா நீட்டி குந்துங்க சார். சென்ட்ரல்லர்ந்து காலேஜு எப்டியும் முக்கா மணி நேரம். நடுவுல கண்டெய்னர் லாரி மறிச்சிகினு நின்னுச்சின்னா அது அவன் இஷ்டம். பங்ஷன் அஞ்சு மணிக்குத்தான, மூணுகூட ஆவல. என் பேரு சவரிநாதன். ராயபுரம். முப்பது வருசமா ஆட்டோதான். எங்க மாமா வண்டி எடுத்துகினு வருவாருன்னு மெர்லினு பொண்ணு போன்ல சொல்லிச்சில்ல, அந்த மாமா நான்தான். சொந்த மாமா இல்ல, எதுத்த வூடு. உங்க நாவல பத்தி கட்டுரை எயுதி காலேஜ்லயே ஃபர்ஸ்ட்டு வந்துகீது. இன்னிக்கி உங்க கையாலதான் பிரைஸு வாங்கப்போவுது.

கட்டுரைய பட்ச்சிட்டீங்களா? இன்னும் இல்லியா? பரவால்ல, மெதுவா பாத்துக்கலாம், இன்னா அவசரம். வண்டி குலுங்குது, கண்ணு வலிக்கும். பைல வச்சிடுங்க சார்.

நான் ஒன்னு கேக்கறேன், ஏழாவது அத்தியாயத்துல மில்லு வாசல்ல ஒரு எரும பட்த்துகினு கீதே, அது இன்னா? சும்மா எருமையா? சார், இத்த வேற யாராண்டையும் சொல்லிடாதீங்க. அந்த எரும மேல எங்க தெருவுல மூணு நாளு சண்ட. மெர்லினு அது இந்த சமுதாயம்ன்னுச்சு. அய்யாத்துரைன்னு ஒர்த்தர் கீறாரு, ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர்டு ஆனவரு, அவரு அது எமனோட வண்டி, ஓனருக்காக வெய்ட்டிங்ல நிக்குதுன்னாரு. என் சம்சாரம் ஞானம் இன்னா சொன்னா தெரியுமா? வெயில்ல கீது, யாராச்சும் அதுக்கு தண்ணி காட்டுங்களேன்னா. கட்டுரைல அந்த எருமைக்கு ஒன்ற பக்கம் ஒதுக்கிகீது மெர்லினு. பிரைஸே அதுலதான் வந்துச்சின்னு அய்யாத்துரை சொல்லிகினு திரியறாரு.

அய்யாத்துரை சும்மா ஆளு இல்ல. கருப்பொருளு கருப்பொருளுன்னு மெர்லினு சொல்லிகினே இருந்துச்சா, தெருவுல பாதி பேருக்கு ஒன்னியும் ஏறல. இவருதான் எயுந்து சொன்னாரு. கிரேன்ல ஒரு கொக்கி கீது, மொத்த லோடும் அதுலதான் தொங்கும். கதைக்கும் அந்த மாரி ஒரு கொக்கி கீது, அத்த கண்டுபுடி, மத்ததெல்லாம் தானா மேல வரும்னு. நீங்க கூட இப்டி சொல்லிருக்க மாட்டீங்க.

ஐய, எடுத்துட்டீங்களா. மொதோ பக்கத்தோட நிறுத்துங்க சார். தலைப்பு மட்டும் பாருங்க. அவிக்கும் அண்டாவிலிருந்து அலைகடலுக்கு. நல்லாகீதில்ல? இன்னா, கடலா? உங்க புக்குல கடலே இல்லியா?

பூவம்மா காசிமேட்டுல மீன் விக்கறான்னு போட்டுகீதா. வஞ்சிரம் வெல தப்பா சொன்னான்னு சண்டைன்னு போட்டுகீதா. ஓனரோட நெல்லு லாரி எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லைன்ல மாட்டிகினு மூணு நாளு சோறு தண்ணி இல்லாம கெடந்தான்னு... அது இறைவனின் நீதின்னு போட்டுகீதா? அந்த எடம் நல்லா வந்துச்சு சார். தெருவே கை தட்டுச்சு.

தெரியும் சார். அவ செத்துட்டான்னு எனக்கும் தெரியும். நானும் பட்ச்சேன். இருவதாவது அத்தியாயம், அஞ்சாவது நாளு காத்தால, ரெண்டு வரி. ரெண்டே ரெண்டு வரில முட்ச்சிட்டீங்களே சார். எருமைக்கு ஒரு பக்கம் குட்த்தீங்க.

கோச்சிக்காதீங்க, சொல்றேன். ஞானம் நல்லா பட்ப்பா சார், கைல எது கெட்ச்சாலும் பட்ப்பா, பஜ்ஜி கட்டி தர்ற பேப்பர கூட வுட மாட்டா. போன வருசம் ரெண்டு கண்லயும் புரை வந்துட்சி. சுகரு ஜாஸ்தி, கொறஞ்சாத்தான் ஆபரேசன்னுட்டாங்க. பேஜாராயிட்டா. அப்போ மெர்லினு உங்க புக்க வாங்கியாந்து, மாமா நீ பட்ச்சி காட்டுன்னு குட்த்துச்சு. சனி ஞாயிறு வுட்டு தெனம் சாய்ங்காலம் ஆறு மணிக்கு வண்டிய ஓரங்கட்டிட்டு வாசல்ல குந்தி பட்ப்பேன். மொதல்ல ஞானம் மட்டும். அப்பால பக்கத்து வூடு, எதுத்த வூடு, வல பின்றவங்கன்னு சேந்து ஒரு முப்பது பேரு ஆயிட்டாங்க.

பத்தொம்போதாவது அத்தியாயம் ஒரு வெள்ளிக்கெயம. பூவம்மாவுக்கு ஜொரம், ஒடம்பு கொதிக்குது, அதோட நிறுத்திட்டீங்க. ஞானம் அன்னிக்கி தூங்கவே இல்ல. சனிக்கெயம காத்தால மெர்லின கூப்ட்டு ஒரு சீட்டு எயுத சொன்னா. எங்க கோயில்ல பூசைக் கருத்துன்னு ஒன்னு கீது சார். யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லன்னா சீட்டுல எயுதி குட்த்தா, ஃபாதர் பூசைல பேர பட்ப்பாரு, கோயிலே வேண்டிக்கும். ஞாயித்துக்கெயம ஃபாதர் பட்ச்சாரு. கடும் காய்ச்சலால் அவதிப்படும் பூவம்மா உடல்நலம் பெறன்னு. ஆயிரம் பேரு முட்டி போட்டு மன்றாடுனாங்க சார் உங்க பூவம்மாவுக்கு.

அதோட வுட்டுச்சா? கோயில்ல மரியாயின் சேனைன்னு ஒரு சபை கீது, அதுலர்ந்து ரெண்டு அம்மா ஜெபமாலையோட வூடு தேடி வந்துட்டாங்க, பேசண்ட்டு எங்கன்னு. ஞானம் இன்னா பண்ணா, புக்க எடுத்து தலவாணி மேல வச்சா. அந்த அம்மாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகினாங்க. அப்பால புக்கு மேல கைய வச்சி, ஜெபமாலைல அம்பது மணியும் சொல்லி முட்ச்சி, டீ குட்ச்சிட்டு, நெத்தி சூடு கொஞ்சம் கொறஞ்சா மாரிதான் கீதுன்னு சொல்லிட்டு போனாங்க.

திங்கக்கெயம ஆறு மணி. இருவதாவது அத்தியாயத்த தொறக்கறேன். நான் முன்னாடியே பட்ச்சி பாக்கற ஆளு இல்ல சார், அந்த எடத்துலதான் பாத்தேன், அந்த ரெண்டு வரிய. தல நிமுந்தா முப்பது மூஞ்சி. ஞானம் கண்ணு தெரியாம என் குரல் வர்ற பக்கமா திரும்பிகினு குந்திகினு கீறா. ஜொரம் எறங்கிடுச்சுன்னு பட்ச்சிட்டேன். வாய்ல அதான் சார் வந்துச்சு. அய்யாத்துரை எயுந்து வெடி போட்டாரு. ஆமா, பட்டாசுதான். அடுத்த ஞாயிறு நன்றி பூசை வேற.

அன்னிலர்ந்து எட்டு மாசம் நான்தான் ஓட்டிகினு கீறேன். உங்க புக்குல இருவத்தாறு அத்தியாயம். நான் இப்போ தொண்ணூத்தி மூணுல கீறேன். பக்கம் தீந்துட்டா மறுபடியும் முன்னாடி திருப்பிக்குவேன். அய்யாத்துரை ஒர்தரம் கேட்டாரு, இன்னாபா இவ்ளோ சின்ன புக்குல இவ்ளோ விசயமான்னு. பொடி எயுத்துன்னுட்டேன். ரயிலேறி ராயபுரம் வந்தது, மீன் வித்தது, ஆட்டோ ஓட்ட கத்துகினது, எல்லாம் நம்ப கைவண்ணம்தான். எனக்கு இந்த ஏரியாவ வுட்டா வேற இன்னா தெரியும்? மெர்லினும் புக்க தொடவே இல்ல, தெனம் கேக்கறனே மாமா, தனியா வேற பட்க்கணுமான்னு அத்த வச்சே கட்டுரை எயுதிட்சி. பிரைஸு குட்த்தவங்க பட்ச்சாங்களான்னா கேக்கறீங்க? அத்த நீங்க அவங்களாண்டதான் கேக்கணும்.

பிரைஸு கெடக்கட்டும். மேடைல நீங்க இன்னா வேணா சொல்லிக்கோங்க, கடலு என் மனசுல இருந்துச்சுன்னு சொன்னாலும் சரி, மெர்லினு பாவம். எனக்கு வேற ஒன்னு ஆவணும். ஞானத்துக்கு போன மாசம் ஆபரேசன் ஆயிட்சி. ரெண்டு கண்ணும். நாளைக்கி கண்ணாடி வருது. போட்ட ஒடனே உங்க புக்கதான் பட்க்கப்போறாளாம். அதுவும் மொதல்லர்ந்து இல்ல, ஜொரம் எறங்கன எடத்த மொதல்ல என் கண்ணால பாக்கணும்யான்றா. ஒரு வாரமா எனக்கு சோறு எறங்கல சார்.

கடைசி ஆறு அத்தியாயத்த பசை போட்டு ஒட்டிட்டேன், மய தண்ணில நனஞ்சிட்சின்னு சொல்லிக்குவேன். இருவதாவத இன்னா பண்றது? கியிச்சா தெரிஞ்சிடும். அதான் உங்க கைய புட்ச்சி கேக்கறேன். ஆபீஸ்ல பாரத்துல தப்பு வந்தா அடிச்சிட்டு பக்கத்துல கையெயுத்து போடுவோமில்ல? அந்த மாரி, அந்த ரெண்டு வரிய அடிச்சி, ஜொரம் எறங்கிடுச்சுன்னு எயுதி, ஒரு கையெயுத்து. நான் எயுதினா செல்லாது. நீங்க எயுதினா செல்லும்.

கதைல வர்றவதான, இதுக்கு ஏன் இவ்ளோ பாடுன்றீங்க. வாஸ்தவந்தான். தோ இந்த சர்ச்சு தெரியுதில்ல, இங்கதான் அந்த சீட்டு குட்த்தது. அதுக்கு முன்னாடி பதினோரு வருசம் ஞானம் சீட்டே குட்த்ததில்ல சார். பூசைக்கு வருவா, கடைசி பெஞ்சுல குந்துவா, வாய தொறக்க மாட்டா. கடைசியா குட்த்தது எங்க சுஜாவுக்கு. எங்களுக்கு ஒரே பொண்ணு, பத்தொம்போது வயசு, டெங்கு. அன்னிக்கும் இதே மாரிதான் கோயிலே முட்டி போட்டுச்சு. அதுவும் அஞ்சாவது நாளு காத்தாலதான். ஆஸ்பத்திரி வாசல்லர்ந்து வந்து நான்தான் அவளாண்ட சொன்னேன். இன்னொரு தரம் சொல்ல எனக்கு தைரியம் இல்ல சார்.

இந்த சந்துதான். அஞ்சே நிமிசம், அவ காப்பி போட்டுகினு கீறா, அப்பால நேரா காலேஜுதான். புக்கு சீட்டுக்கு அடில கீது, எடுத்துக்கோங்க, பக்கத்த மடிச்சி வச்சிகீறேன். இந்தாங்க பேனா. அடிக்கறப்போ நல்லா அயுத்தி அடிங்க சார். புது கண்ணாடி, எல்லாம் தெளிவா தெரியுமாம்.