டைப்ரைட்டரின் முதுகில் ஒரு நூல்

நம் தெரு அன்பியக் கூட்டத்துக்கு வந்திருக்கிற சகோதரிகளே, இந்த இடத்தில் ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வெளியூர்க் கதை இல்லை, நம் தெருக் கதை. அதில் தப்புச் செய்தவள் நான். அதனால் யாரும் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம்... இங்கேயே பாருங்கள்.

என்னை நீங்கள் ‘டைப்பு அக்கா’ என்பீர்கள். தெரியும். முப்பத்தோரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீஸில் டைப்பிஸ்ட். பக்கத்தில் ஒரு பிழை இருந்தாலும் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பேன். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் என்னை அப்படி வளர்த்தார்கள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, வீட்டில் எனக்குப் பதில் சொல்கிற ஒரே ஆள் என் பழைய தமிழ் டைப்ரைட்டர்தான்.

போன தவக்காலத்தில் ஒரு மத்தியானம்... கவனியுங்கள், மனம் திரும்ப வேண்டிய தவக்காலத்தில்... நகராட்சிக்கு ஒரு புகார் அடித்துக்கொண்டிருந்தேன். யார் மேல்? பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் மேல். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் மீன்வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பொத்துவாள். நான் கதவைத் திறந்தால் கால் வைக்க இடம் இருக்காது. அப்போது எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

“மேற்படி மிக்கேலம்மாள் என்பவர் பொது வழியை” வரைக்கும் அடித்தாயிற்று. அடுத்து “மறித்து”. ‘ம’ விழுந்தது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அடித்த எழுத்தெல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக... ஒரு கறுப்புக் குவியல்.

மிஷினைத் திருப்பி வைத்து முதுகைப் பார்த்தேன். எழுத்தை அடிப்பது நம் விரல், சரி. ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு தாளைக் கொஞ்சம் நகர்த்தி, அடுத்த எழுத்துக்கு இடம் விடுவது யார்? முப்பத்தோரு வருஷம் நான் அதைக் கேட்டதே இல்லை. அங்கே ஒரு சின்ன டப்பி. அதற்குள் ஸ்பிரிங். அதிலிருந்து ஒரு நூல், தாள் ஏறியிருக்கிற வண்டியை இழுக்கிறது. ஒரே ஒரு நூல். நான் அடித்த அத்தனை வரியையும் அதுதான் பின்னால் இருந்து இழுத்திருக்கிறது. இப்போது அது அறுந்து தொங்குகிறது.

தையல் நூலை மூன்று புரியாக முறுக்கிக் கட்டினேன். அறுந்தது. பாவாடை நாடாவைக் கோத்தேன்... சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான்... சிக்கியது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று. டப்பியை நாலு சுற்றுத் திருகி விடாமல் பிடிக்க வேண்டும். வண்டியையும் அசையாமல் பிடிக்க வேண்டும். நூலைக் கொக்கியில் மாட்ட வேண்டும். எத்தனை கை ஆயிற்று? மூன்று. எனக்கு ஆண்டவர் கொடுத்தது இரண்டு. மூன்று தடவை ஸ்பிரிங் துள்ளி என் விரல் முட்டியில் அடித்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன். சந்தில் மிக்கேலம்மாள். கையில் நைலான் நூல். பக்கத்து வீட்டில் நான் உப்புக்கூடக் கேட்டவள் இல்லை. கேட்டேன்.

“கொஞ்சம் நூல் இருக்குமா?”

தலை நிமிராமலே சொன்னாள்: “எட்டு மாசங்கழிச்சு நூலு கேக்கிய. எதைத் தைக்கப் போறிய, வாயையா?”

“மிஷினுக்கு. அதோட... ஒரு கையும் வேணும்.”

எழுந்து வந்தாள். நூலை டப்பியில் கட்டி வலைமுடிச்சுப் போட்டாள், பல்லால் இழுத்துப் பார்த்தாள், டப்பியைத் திருகி இரண்டு பெருவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு கையில் வண்டி, ஒரு கையில் நூல். அப்போதுதான் கண்ணில் பட்டது... தாளை எடுக்கவில்லை. ஒரு பிழைக்குப் பக்கத்தையே கிழிக்கிற நான், தாளை எடுக்க மறந்திருக்கிறேன்.

அவள் குனிந்து எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். “மேற்படி... மிக்கேலம்மாள்... என்பவர்... பொது வழியை... ம... ‘ம’வுக்குப் பொறவு என்னக்கா? கறுப்பா கெடக்கு.”

“மறித்து.”

“ம்.”

அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவள் பெருவிரலை எடுத்திருந்தால்? ஸ்பிரிங் துள்ளியிருக்கும், நூல் பறந்திருக்கும், புகாரும் நின்றிருக்கும். கை நழுவிவிட்டது என்று சொன்னால் நான் என்ன கேட்க முடியும்? அவள் நகம் வெளுத்துப்போயிருந்தது. விடவில்லை.

“மாட்டுங்கக்கா, கை வலிக்கி” என்றாள்.

மாட்டினேன்.

“அடிச்சுப் பாருங்க. நிறுத்துன எடத்துலயிருந்தே அடிங்க. மிஷினு சரியாச்சான்னு தெரியணும்லா?”

சகோதரிகளே, கண்ணைக் கட்டிவிட்டாலும் என் விரலுக்கு எல்லா எழுத்தும் தெரியும். அன்றைக்கு விரல் இறங்கவில்லை. கடைசியில், இடம் விடுகிற அந்த நீளக் கட்டையை அழுத்தினேன். டிக்... வண்டி நகர்ந்தது. மறுபடியும் டிக்... டிக்... வரி முடியும்வரை வெறும் இடம். ஓரத்தில் மணி அடித்தது.

“ஒண்ணும் எழுதலியே” என்றாள்.

“எழுத வரலை.”

அவள் குனிந்து மிஷினின் முதுகைப் பார்த்தாள். “என் நூலுதான் இழுக்கு, என்ன?” என்றாள். பிறகு, “அந்த மணியை இன்னொரு தடவ அடிங்க, நல்லாருக்கு.”

அந்தத் தாள் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அரை வரி, ஒரு கறுப்புக் குவியல், அப்புறம் வெள்ளை. பொது வழியில் வலை விரிப்பது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன், அவள் முகத்துக்கு நேரேயே சொல்கிறேன். “சரிக்கா” என்பாள், மறுநாளும் விரிப்பாள். ஆனால் என் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் வலையை ஒரு முழம் இழுத்துக்கொள்கிறாள். நானும் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறேன்.

இதை எதற்குச் சொல்கிறேன்? நாம் எல்லோரும் எழுத்து அடிக்கிறவர்கள். சத்தம் நம்முடையது, பெயர் நம்முடையது. ஆனால் பின்னால் ஒருவர் இழுத்து இடம் விடாவிட்டால், எவ்வளவு பிழையில்லாமல் அடித்தாலும் அது கறுப்புக் குவியல்தான். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருப்பது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்...

நீங்கள் அடித்துக்கொண்டிருக்கிற புகாரில் அவர் பெயர்தான் இருக்கும்.