தேயிலைக் கட்டையில் ஒரு வளையம்

தேயிலைக் கட்டை செதுக்குவதற்கு நல்ல மரம், மிஸ். எங்கள் தோட்டத்தில் யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுச் சுள்ளி அடுப்புக்குப் போகும். பிடுங்கிப் போட்ட கிழட்டுச் செடியின் அடிக்கட்டையும் அடுப்புக்குத்தான் போகும். ஆனால் நன்றாகக் காய்ந்த ஒரு கட்டையை அறுத்துப் பாருங்கள். உள்ளே பால் விடாத சாயத் தண்ணீரின் நிறத்தில், மழமழவென்று, சின்னச் சின்னச் சுழிகளோடு இருக்கும். கையில் குத்துகிற சிம்பு கிளம்பாது.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் வளையம் அதில் செய்ததுதான். மண் அள்ளியவர்கள் கண்டெடுத்து உங்களிடம் கொடுத்தார்கள் என்றீர்கள். பிரேமினியின் ஞாபகமாக நான் வைத்துக்கொள்ளட்டும் என்று டவுனிலிருந்து கொண்டுவந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனது. இது என்ன சாமான், எந்த இடத்து மரம் என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இரண்டாவது பதில் கொஞ்சம் நீளம்.

ஓட்டைக்குள் பெருவிரலை விட வேண்டும். இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் சிறகுகள் புத்தகத்தின் இரண்டு தாள்களையும் அழுத்திக்கொள்ளும். ஒரு கையாலேயே விரித்துப் படிக்கலாம். பிரேமினி பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுப்போவார்கள். அவளுடைய ஒரு கை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும். மறு கை புத்தகத்தோடு மல்லுக்கட்டும். முழங்கையால் அழுத்திப் பார்ப்பாள், நாடியால் அழுத்திப் பார்ப்பாள், புத்தகம் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

எங்கள் டிவிசனில் நாவல் படிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அட்டனில் ஃபாஸில் நானாவின் பழைய புத்தகக் கடையில் வாங்குவோம். எல்லாம் வேறு நாட்டுக் கதைகள், தமிழில் வந்தவை. பனி பெய்கிற ஊர்கள், யாரும் இறங்காத ரயில் நிலையங்கள், கடிதத்துக்காகக் காத்திருக்கும் பெண்கள். நான் வேகமாக முடித்துவிடுவேன். அவள் மெதுவாகப் படிப்பாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பேச ஆரம்பிப்போம். ஒரு தடவை சொன்னாள்: "அந்த ஊர்ல ஆளுக்கொரு ரூம் இருக்குடா. அதான் கதவச் சாத்திக்கிட்டு கவலப்படுறாங்க. நம்ம லயத்துல கவலப்படக்கூட எடமில்ல."

அந்தப் பேச்சுக்காகத்தான் நான் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் கதைப் புத்தகம் மாதிரி இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

நாங்கள் குடியிருந்த கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் விழுந்த வெடிப்பை, மண்சரிவு ஆபீஸிலிருந்து நீங்களே வந்து பார்த்தீர்கள். வெடிப்பின் இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடிக்கச் சொன்னீர்கள். இரண்டுக்கும் நடுவில் இறுக்கமாக நிற்கிற மாதிரி ஒரு குச்சி வெட்டி வைக்கச் சொன்னீர்கள். குச்சி நின்றால் மலை நிற்கிறது. குச்சி கழன்று விழுந்தால் வெடிப்பு அகலுகிறது, ஒன்றையும் எடுக்காமல் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்றீர்கள். தினமும் யார் பார்ப்பது என்று கேட்டபோது பிரேமினியின் அப்பா சிவசாமி மாமா என்னைக் கைகாட்டினார். சுமன் படிக்கிற பிள்ளை, பொய் சொல்லமாட்டான் என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அதற்குப் பிறகு காலையில் தண்ணீர் விழுகிற பீலியடியில் முகம் கழுவுகிற ஒவ்வொருவரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"குச்சி நிக்குதா தம்பி?"

"நிக்குதுங்க."

அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவார்கள். பிரேமினியின் அம்மா காளியாயி அத்தை, இந்தக் குச்சிக்கு ஒரு பொங்கல் வைத்துவிட வேண்டியதுதான், மாரியம்மனைக்கூட இத்தனை பேர் விசாரிப்பதில்லை என்று சிரிப்பார்.

ஒருநாள் குச்சி கீழே கிடந்தது. மரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். பச்சைக் குச்சி அப்படித்தான் சுருங்கும். நான் வைத்தது பச்சைக் குச்சி இல்லை. எங்கள் அடுப்புக்கு மேலே புகையில் வருஷக்கணக்காகக் கிடந்த தேயிலைக் கட்டை. இரும்பு மாதிரி இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சுருங்கிவிட்டது என்றே நினைத்தேன். கொஞ்சம் நீளமாக இன்னொன்று வெட்டி இறுக்கமாக வைத்தேன். விழுந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல மரத்தை வீசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மேல் லயத்தை இப்படித்தான் காலி செய்தார்கள், மிஸ். கொஞ்ச நாளைக்கு என்று உடப்புசல்லாவைப் பக்கம் லாரியில் கூட்டிப்போனவர்கள் திரும்பி வரவில்லை. அங்கே வீடு கட்டிக் கொடுத்தார்கள், இருந்துவிட்டார்கள். கீழ் லயம் காலியானால் பிரேமினியும் போவாள், எங்கள் இரண்டு வீட்டையும் ஒரே இடத்துக்கு அனுப்பமாட்டார்கள். போகிற ஆசை அவளுக்கு இருந்தது.

"குச்சி விழட்டும்டா. எனக்கு ஒரு ஜன்னல் வச்ச ரூம் கெடைக்கும். அதுக்குக் கீழ உக்காந்து படிப்பேன். நீ பஸ் ஏறி வா, பேசலாம்" என்றாள்.

நானும் சிரித்தேன். விழுந்த குச்சி அன்றைக்கு என் வீட்டில் கிடந்தது. அதன் தடித்த பக்கத்தை அறுத்து, அப்பாவின் கவ்வாத்துக் கத்தியால் செதுக்கி, கண்ணாடி ஓட்டால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் பூசினேன். நீங்கள் கேட்ட மரம் அதுதான். நீங்கள் வைக்கச் சொன்ன குச்சி.

பிள்ளைக்காம்பராவில் வைத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, யாரு மூக்குல மாட்டுறது?"

விரலை விடச் சொன்னேன். விட்டாள். புத்தகம் விரிந்தபடி நின்றது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே படித்தாள். நான் நிற்பதையே மறந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து எந்த மரம் என்று கேட்டாள். தேயிலை என்றேன்.

"நாங்கல்லாம் எலயத்தான் புடுங்குறோம். நீ கட்டையவும் விட்டு வைக்கல" என்றாள். அவள் என்னை இதைவிட அதிகமாகப் பாராட்டியதில்லை.

குச்சி பிறகும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் சற்று நீளமாக வெட்டினேன். வெடிப்பின்மேல் மிலாறு பரப்பி மண் தூவினேன். பக்கத்தில் போகக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்ததால் வேறு யாரும் போவதில்லை. கீழே பாதையில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். குச்சி நிற்பது தெரியும். யாருக்கும் கெடுதல் செய்ய நான் நினைத்ததில்லை. அவள் இந்தப் புத்தகத்தை முடிக்கட்டும், அதுவரைக்கும் தள்ளிப்போடுவோம் என்றுதான் நினைத்தேன். அவள் மெதுவாகப் படிக்கிறவள் என்று முதலிலேயே சொன்னேன்.

அந்தக் காலையிலும் மழை விடவில்லை. சிவசாமி மாமா தலையில் படங்குத் துணியைப் போட்டுக்கொண்டு பீலியடிக்கு வந்து கேட்டார். நிக்குது மாமா என்றேன். விடியும்போதுதான் புதிதாக ஒன்றை வைத்துவிட்டு வந்திருந்தேன். அது நின்றது. நான் சொன்னதில் பொய் இல்லை. அவரும் அத்தையும் மற்றவர்களும் பெரட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பிரேமினியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைக்காம்பராவின்மேல் மலை இறங்கியது அதற்குப் பிறகு.

போன தடவை வந்தபோது அந்தப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டீர்கள். என்னால் சொல்ல முடியவில்லை. பிரேமினி எந்த இடம் வரைக்கும் படித்திருந்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பனியில் ரயில் நின்றுபோய், உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் முதல் தடவையாகப் பார்த்துக்கொள்கிற இடம்.

இப்போதும் நாங்கள் சேர்ந்துதான் படிக்கிறோம். நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் இப்போது தங்கியிருக்கிற சித்தி வீட்டில் பகல் முழுவதும் அருவிச் சத்தம். அதற்கு நடுவிலும் எனக்குப் பக்கத்தில் தாள் புரள்வது கேட்கும். அவளுடைய வேகம் எனக்குத் தெரியும், அதே வேகம். அவள் புரட்டாமல் நான் புரட்டுவதில்லை. பயமாக இல்லை. தொட்டில் கயிறும் கூடவே முனகும். அது மட்டும் நின்றால் நன்றாக இருக்கும். நான் புத்தகத்தை மூடினாலும் அது நிற்பதில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இறம்பொடையில் சித்தி வீட்டுக்கு எப்போது போனேன் என்று கேட்கிறீர்கள். அம்மாவை மலை இறங்குவதற்கு முந்தின வாரமே கொண்டுபோய் விட்டேன். அவருக்கு முழங்கால் வலி, குளிர் ஆகாது. இறம்பொடையிலும் அதே குளிர்தான் என்கிறீர்கள். இருக்கலாம். என் புத்தகங்களையும் இரண்டு உரப்பையில் கட்டிக் கொண்டுபோனேன். லயத்துக் கூரை ஒழுகும், ஈரம் பட்டால் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு மாமாவுக்குப் பதில் சொல்லிவிட்டு நானும் காலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போகும் வழியில் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றேன். அவளையும் கூப்பிட வேண்டும் என்றுதான் நின்றேன், மிஸ். ஆனால் அவள் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிறவர்களை நடுவில் கூப்பிடுவது நல்ல பழக்கம் இல்லை.