பாசிர் ரிஸ் பறவையும் வெள்ளிக்கிழமைத் தேநீரும்

எங்கள் சிங்கப்பூர்க் கலை அறிவியல் கல்லூரியின் ஆய்வு ஒருங்கிணைப்பாளராய்த் திகழ்ந்து, இன்று பணி நிறைவு காணும் வரலாற்றுப் பேராசிரியர் முனைவர் பாக்கியலட்சுமி கோவிந்தசாமி அவர்களுக்கு, உடன் பணியாற்றும் தமிழ் பேசும் ஆசிரியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்

கேள்விகளின் காவலரே! நாங்கள் கிறுக்கியதையும் கருத்தாய் வாசித்த கனிவே! கண்டிப்பையும் கறிபாப் பலகாரத்தையும் ஒரே கையால் பரிமாறிய எங்கள் பாக்கியமே! வணக்கம்.

நாளை கல்லூரி அரங்கில் உங்களுக்கு ஆங்கிலத்தில் பெரிய விழா. அங்கே பலரும் அளந்து அளந்து பேசுவார்கள். அங்கே சொல்ல முடியாதவற்றைச் சொல்லவே, இன்று ஃபேரர் பார்க் உணவகத்தின் இந்த மாடியில் கூடியிருக்கிறோம்.

சின்னக் கல்லூரிக்கு ஆய்வு எதற்கு, பாடம் நடத்தினால் போதாதா என்று கேட்டவர்களிடம் முப்பதாண்டுக்கு மேலாக முகம் சுளிக்காமல் வாதாடிய வல்லமையே! கற்பிப்பவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கேள்வியைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்லி, எங்களைத் துரத்தித் துரத்தி ஆய்வுக்கு அனுப்பினீர்கள். அண்டை வீட்டார் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து வரச் சமூகவியல் ஷபானாவை ஈசூன் அடுக்குமாடிகளில் அலையவிட்டீர்கள். மின்தூக்கி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கக் கணித நிவேதிதாவை அவற்றின் முன்னால் காக்க வைத்தீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளிக்கிழமைத் தேநீர் என்னும் விந்தை வழக்கத்தை விதைத்த வித்தகரே! வாரந்தோறும் ஒருவர் எழுந்து, தம் ஆய்வில் எது கோணலாய்ப் போனது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். வெற்றியைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த வாரக் கறிபாப் அவர் செலவு. தற்பெருமையால் ஒரு பருவம் முழுக்க எங்கள் வயிற்றை நிரப்பிய சுரேந்தரை இந்த அவை நன்றியோடு நினைக்கிறது. ஆனால் எல்லாரையும் பேச வைத்த நீங்கள் மட்டும் ஒருமுறைகூட உங்கள் தோல்வியைச் சொன்னதில்லை. கேட்டால், "என் முறை வரட்டும், சொல்றேன் லா" என்று கோப்பைகளைக் கழுவப் போய்விடுவீர்கள்.

அந்தத் தேநீரில்தான் உயிரியல் ஆசிரியர் ரகுபதியின் பறவை சிக்கியது. பாசிர் ரிஸ் சதுப்புநிலக் காட்டில் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்த அவர், இங்கே யாரும் கேட்டறியாத ஒரு பறவைக் குரலைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். கல்லூரி இணையத்தளத்தில் அவர் படத்தோடு செய்தியும் வந்தது. பதிவு கொஞ்சம் மங்கல், அதுதான் குறை என்று சொல்லி, வெள்ளியன்று எங்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார். ஷபானா கையிலிருந்த தேநீரைச் சிந்திவிட்டார்.

"ஐயோ சார், இது ரோடு கிராஸ் பண்ற பச்சை மனுசன் சத்தம் லா! தினமும் ஃபேரர் பார்க்ல கேக்கறேன்!"

நடப்பவர்கள் சாலையைக் கடக்கப் பச்சை விளக்கு எரியும்போது எழும் ஒலியை அச்சு அசலாய்க் கற்றுக்கொண்ட ஒரு மைனாதான் அந்த அரிய பறவை. கல்லூரி முழுக்கச் சிரித்தது. நிர்வாகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வுத் திட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவிடலாம் என்று கூட்டம் கூட்டினார்கள். வேலையை விட்டுவிடும் எண்ணத்தோடு ரகுபதி தலை குனிந்து அமர்ந்திருந்தார்.

அப்போது எழுந்தீர்கள், அம்மா! "தப்பு பண்ணாத்தான் கத்துக்க முடியும்னு கிளாஸ்ல பிள்ளைங்ககிட்ட சொல்றோம். நம்ம பண்ணுனா மட்டும் கடைய மூடணுமா?" என்று கேட்டீர்கள். பிறகு ரகுபதியின் பக்கம் திரும்பி, "அந்த மைனா அதை எங்க கத்துக்கிச்சு? போய்க் கண்டுபிடிங்க" என்றீர்கள். நம்மை நம்ப ஒருவர் இருக்கிறார் என்று அன்று எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

திட்டங்கள் பிழைத்தன. நகரத்துப் பறவைகள் நம்மிடமிருந்து என்னென்ன ஒலிகளைக் கற்கின்றன என்று ரகுபதியும் அவர் மாணவர்களும் இன்று தீவு முழுவதும் கேட்டுத் திரிகிறார்கள்.

எல்லாம் உங்களோடு முடிந்துவிடுமோ என்று சில வாரங்களாய் நீங்கள் கலங்கியதை நாங்கள் அறிவோம். உங்களுக்குப் பின் பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் திட்டங்களை முடித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகமும் சொல்லியிருந்தது. நேற்று மாலை நீங்கள் இல்லாத கூட்டத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. முதலில் உயர்ந்தது ரகுபதியின் கை. அடுத்த ஒருங்கிணைப்பாளர் அவர்தான். ஆய்வுகள் தொடர்கின்றன, தேநீரும் தொடர்கிறது. இதை இந்த மடலில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓரிரவு வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

முழங்கால் வலி முற்றும் நீங்கி, முகமலர்ச்சி என்றும் குன்றாமல், உற்றார் சூழ, உடல்நலம் ஓங்க, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்!

புதிய ஒருங்கிணைப்பாளர் செய்த முதல் வேலை, வரும் வெள்ளிக்கிழமைக்குப் பேச்சாளரைக் குறித்ததுதான். உங்கள் முறை வந்துவிட்டது, அம்மா. இனி வீட்டில் ஓய்வாக இருக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த முயற்சி ஒரு வாரத்துக்குள் கட்டாயம் தோற்கும் என்று நம்புகிறோம். வந்து அதைச் சொல்லுங்கள். கோப்பைகளை நாங்கள் கழுவுகிறோம்.

உங்களை விட்டுவிட மனமில்லாத,
ஷபானா, சுரேந்தர், நிவேதிதா, ரகுபதி
மற்றும் வெள்ளிக்கிழமைத் தேநீர் ஆசிரியர்கள்
சிங்கப்பூர்