பூஜையில் இருந்த கழுத்துப்பட்டை

"ஹலோ… ஹலோ… தோட்டத்து ஆபிஸா? … யாரு, ஜெயபாலனா? நான் மச்சான் பேசறேன்ப்பா, தம்பிராஜா… ஆமா, ஆமா, காஜா பெராங்லேருந்துதான். ரஹீம் பாய் கடை போன்… கேக்குதா? … கொஞ்சம் சத்தமா பேசு. ரோட்ல லாரிக்காரனுங்க ஹார்ன் அடிச்சிக்கிட்டே போறானுங்க. ஆயுத பூசைல்ல!"

தம்பிராஜாவுக்கு டெலிபோனில் பேசத் தெரியாது, கூவத்தான் தெரியும். அந்தக் குரலுக்குக் கம்பியே வேண்டாம், குருபோங் ரப்பர் தோட்டம்வரை தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று மளிகைக்கடை ரஹீம் பாய் எப்போதும் கிண்டல் செய்வார். இன்றைக்கு அந்தக் கிண்டல் இல்லை. தம்பிராஜாவின் மனைவி சாரதாம்பாள் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மறுமுனையில் இருந்தவன் அவளுடைய தம்பி, தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதுகிற கிராணி.

"நல்லா இருக்கோம்… ம்ம்… அக்காவும் நல்லா இருக்கா, இங்கதான் நிக்கிறா… பூசையா? காலையிலயே முடிஞ்சிருச்சி… சுண்டல்தானே, உனக்கும் எடுத்து வச்சிருக்கா… இல்லப்பா, அதுக்குக் கூப்பிடல… சும்மாதான்… ஏம்ப்பா, டச்சி அந்தப் பக்கம் வந்துச்சா?"

ஒருவழியாகக் கேட்டுவிட்டார். காலையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு செட்டி கம்போங், சந்தை, கடற்கரைச் சாலை என்று ஊரெல்லாம் தேடி ஓய்ந்தபிறகு, இந்த ஒரு இடம்தான் பாக்கி இருந்தது.

டச்சி என்பது நாய். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆசையாய் வளர்த்த கிரேஹவுண்டு. குச்சிக் கால், கூரிய மூக்கு, எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. துரை வைத்த பெயர் டச்சஸ். மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வருவதற்குள் மூட்டை கட்டிய துரை, நாயைச் சீமைக்குக் கொண்டுபோகிற வில்லங்கமெல்லாம் வேண்டாமென்று, சுட்டுப் புதைத்துவிடு என்று ஜெயபாலனிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். மூட்டைப்பூச்சியை நசுக்கவே யோசிக்கிற பிள்ளை அவன். நாயை ரப்பர் லாரியில் ஏற்றி, அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

இறக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னான். இது ஓடுவதற்கென்றே பிறந்தது, கண்ணெதிரே ஏதாவது அசைந்துவிட்டால் நீங்கள் கத்துவது அதன் காதில் ஏறாது. வேலிக்குள்ளே தவிர வேறெங்கும் அவிழ்த்துவிடாதீர்கள். வெயிலில் ஓடவிடாதீர்கள். முக்கியமாக, இந்த அகலமான தோல்பட்டையைக் கழற்றாதீர்கள். இதற்குக் கழுத்தைவிடத் தலை சிறுத்தது, சாதாரணக் கயிறாக இருந்தால் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்து உருவிக்கொண்டு போய்விடும்.

"… எல்லாம் நீ சொன்னபடிதான்ப்பா செஞ்சோம்… ஆமா… தினமும் விடியக்காலைல, மொத பஸ்ஸெல்லாம் வெளிய போனப்புறம் எங்க டிப்போவுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். சுத்தி ஜிங்க் வேலி. கேட்டைச் சாத்திட்டுத்தான் அவுத்தே விடுவேன்… ஓடுறதைப் பாக்கணுமே நீ! மத்த ஃபிட்டருங்கல்லாம் ஸ்பானரைக் கீழ போட்டுட்டு வேடிக்கை பாப்பானுங்க… ரெண்டு சுத்து, மூணு சுத்து, அப்புறம் வந்து என் கால்மேல சாஞ்சி நின்னுக்கும்… ஆமா, ஆமா… வீட்டுக்குக் கயிறு பிடிச்சிதான் கூட்டியாருவேன்… பட்டையா?"

தம்பிராஜா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"பட்டை… இல்லப்பா. கழுத்துல பட்டை இல்ல… கத்தாத, சொல்றேன் கேளு… பூசையில இருக்கு… ஆமாப்பா, பூசையிலதான்! ஸ்பானர், சுத்தியல், அக்காவோட கத்திரி, தேங்கா துருவி, எல்லாம் வச்சோம்ல, அதுகூட… நான்தான் கழட்டி வச்சேன்… சும்மா இரு சாரதா, நான்தான் வச்சேன்னு சொல்றேன்ல… இல்லப்பா, உங்கக்காகிட்ட பேசினேன்."

அவர் வைக்கவில்லை. வைத்தவள் சாரதாம்பாள். நாய் வந்த புதிதில் அடுப்படி நிலையைத் தாண்டக்கூடாது என்று விளக்குமாற்றோடு காவல் இருந்தவளும் அவள்தான். அப்புறம் தன் பழைய புடவையை நாலாய் மடித்து அதற்குப் படுக்கை போட்டவளும் அவள்தான். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் குரல் கொஞ்சிப் பேசியதை அக்கம்பக்கம் கேட்டதே டச்சி வந்த பிறகுதான். உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற நாளில், நாயைக் காப்பாற்றுகிற சாமானுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பட்டையையும் வாரையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பட்டையில் தொங்கும் நாய் லைசன்ஸ் பில்லையைப் புளி போட்டு விளக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து ஸ்பானர்களுக்கு நடுவே அடுக்கிவிட்டாள். பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று மறுபூஜை செய்யாமல் கையால் தொடக்கூடாது. ஒரு நாள்தானே என்று நாயைக் கொடிக்கயிற்றால் கட்டினாள்.

"… நானும் பாத்தேன்ப்பா. குளிச்சிட்டு வரும்போதே பாத்தேன். எடுத்துக் கட்டுன்னு சொல்ல வாய் வந்துச்சு. பூசைச் சாமானாச்சேன்னு விட்டுட்டேன்… அதான்ப்பா… அதான் சொல்றேனே, தப்புதான்… எதிர்த்த வீட்டு லாரிக்காரன் தேங்காய ஒடைச்சான், எலுமிச்சம்பழத்து மேல லாரிய ஏத்தினான், அப்புறம் ஹார்ன வச்சி ஒரே அழுத்து… அவ்வளவுதான். கயித்த மட்டும்தான் பாத்தோம். ரோட்டு முனைவரைக்கும் ஒரு கோடு மாதிரி தெரிஞ்சிச்சி, அப்புறம் இல்ல… வேற எங்கப்பா போவும்? அந்தப் பங்களா வாசல்தானே அதுக்குத் தெரியும். யாரையாச்சும் அனுப்பிப் பாக்கச் சொல்லு… என்னப்பா, பேச்சையே காணோம்? … ஹலோ? … ஹலோ, ஜெயபாலா… என்ன? … வந்துச்சா? … வந்துச்சா! சாரதா, வந்துருச்சாம்டி! டச்சி அங்க வந்துருச்சாம்!"

சாரதாம்பாள் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, உடைப்பதற்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். ரஹீம் பாய் அல்லாவைப் புகழ்ந்துவிட்டு, மிட்டாய் ஜாடியைத் திறந்து அவள் கையில் ஒரு மிட்டாயை வைத்தார். கடையில் நின்ற யாரும் தம்பிராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"… ம்… … ம்… எப்ப? … யாரு, பங்களா ஜாகாவா? … புது ஆளா… ம்… … நீங்கல்லாம்? … ஆமா, ஆலையில பூசை… எல்லாருமே அங்கதானா… ம்… … அவனுக்கு என்னப்பா தெரியும்… கழுத்துல ஒண்ணும் இல்லல்ல… … ம்… … ம்."

வெறிநாய்க்கடிப் பயத்தில், தோட்டத்துக்குள் நுழைகிற தெருநாயைச் சுட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. பட்டையும் பில்லையும் கட்டிய நாயை யாரும் தொடமாட்டார்கள். டச்சியைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஆலையில் இயந்திரங்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அது வெயிலில் ஓடிவந்து, பூட்டிக்கிடந்த பங்களாவின் வாசற்படியில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருக்கிறது. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த ஜாகா, பங்களாக் காவல்காரன், அதன் கழுத்தைப் பார்த்தான், துப்பாக்கியை எடுத்தான். வெடிச்சத்தம் கேட்டு ஜெயபாலன் ஓடிப் போனபோது டச்சி செத்துப்போயிருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல்தான் இவ்வளவு நேரம் பூஜை, சுண்டல் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

தம்பிராஜாவுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சாரதாம்பாள் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன? … என்ன பண்ணுதா? படுத்திருக்காம். பங்களா வாசல்ல படுத்திருக்காம்… களைப்பா இருக்கும்ல, அவ்வளவு தூரம் ஓடியிருக்கே… இருடி, பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்… ஹலோ… ஆமாப்பா, உங்கக்கா பக்கத்துலதான் நிக்கிறா. பக்கத்துலயேதான்… ஆமா… புரிஞ்சிச்சா? … ம்… ஏம்ப்பா சிரிக்கிற? சிரிக்காத… ஆபிஸ்ல இருக்கிறவங்க என்ன நெனப்பாங்க… சிரிக்காதன்னு சொல்றேன்ல."

ஜெயபாலன் சிரிக்கவில்லை. அவன் கேவுகிற சத்தம் சாரதாம்பாள் காதுக்குப் போய்விடுமோ என்று தம்பிராஜா போனைக் காதோடு வைத்து அழுத்தினார். காது வலித்தது.

"உன்னை யாருப்பா கொறை சொன்னா… நீ கொண்டாந்து விட்டதாலதானே இத்தன நாளு எங்க வீடு வீடா இருந்துச்சி… ஆமா… நான் சொல்றத மட்டும் கேளு. அங்கயே இருக்கட்டும். பங்களாவுக்குப் பின்னால டென்னிஸ் கோர்ட்டு இருக்குல்ல, துரை ஓடவிடுவாரே, வேலி போட்டது… ஆமா, அங்கதான். அதுக்குத் தெரிஞ்ச எடம்… நெழலா பாரு. ஓரமா ஒரு ஜம்பு மரம் இருக்கும்ல, அதுக்குக் கீழ… இன்னிக்கேப்பா. எனக்காகக் காத்திருக்க வேணாம், வெயில்ல வச்சிருக்காத… கூலிக்காரங்ககிட்ட விட்டுடாத, நீயே பாத்து… உன் கையால… ம்… … துணியா? வேண்டியதில்ல… சரி, சரி, உன் வேட்டின்னா சரி. மெத்துன்னு இருக்கும்."

சாரதாம்பாளுக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பி தன் வேட்டியையே விரித்துக் கொடுக்கிறானாமே! தானும் அவனிடம் ரெண்டு வார்த்தை பேசவேண்டும் என்று கையை நீட்டினாள்.

"அக்கா பேசணும்ங்கிறா… வேணாம்… ஏய், அவனுக்கு ஆபிஸ்ல வேலை கெடக்காம்டி… நாளைக்குப் பேசலாம்… ஹலோ… ஜெயபாலா… ஹலோ?"

கம்பியில் ஏதோ கொரகொரத்தது. பிறகு வெறும் ரீங்காரம். அவன்தான் தாங்க முடியாமல் வைத்துவிட்டானோ, எக்ஸ்சேஞ்சில்தான் அறுத்துவிட்டார்களோ, தம்பிராஜாவுக்குத் தெரியவில்லை. போனை வைக்கப் போனார். சாரதாம்பாள் நகராமல் எதிரே நின்று, தண்ணீர் வைத்தார்களா என்று கேட்கச் சொன்னாள்.

அவர் போனை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, தண்ணி வச்சியான்னு கேக்கறா உங்கக்கா… … ஆங்… வச்சிருக்கானாம். குடிச்சிருச்சாம்… … சோறா? … கொஞ்சம் சாப்பிட்டுச்சாம்… ஆமாப்பா, ஆமா… தூங்குதா… எழுப்ப வேணாம், தூங்கட்டும்…"

தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹீம் பாய் அந்தப் போனோடு குடித்தனம் நடத்துகிறவர். உள்ளே ஆள் இருக்கிற சத்தம் எது, இல்லாத சத்தம் எது என்று அவருக்குத் தெரியும். அவர் நிமிர்ந்து தம்பிராஜாவைப் பார்த்தார். உடனே குனிந்து, யாரும் கேட்காத பருப்பை அள்ளி நிறுக்க ஆரம்பித்தார்.

"… கேட்டை நல்லா சாத்திடுப்பா… கொக்கி போட்டியா? … வெளிய வந்துரப் போவுது… … ஆமா, நாளைக்குப் பூசை எடுத்ததும் பட்டையோட வர்றேன்… வர்றேன்ப்பா… சரி… சரி… வச்சிடறேன்."

நாளைக்குத் தானும் கூட வருவதாகவும், பட்டையைத் தன் கையாலேயே கட்டிவிடப் போவதாகவும் சாரதாம்பாள் சொன்னாள்.