அஞ்சாம் மாசச் சோறு

— உக்காராதீங்க. நீங்க உக்காந்துட்டா எனக்குச் சொல்ல வராது.

— நைட் ஷிப்டு முடிச்சி வந்தவன நிக்க வெச்சிப் பேசற பொண்டாட்டி இந்த குவார்ட்டர்ஸ் பிளாக்குலயே நீ ஒருத்திதான் அம்சவல்லி. கெடக்கட்டும், சீக்கிரம் சொல்லு. பத்து மணிக்கு உங்கம்மா சேத்தியாத்தோப்பு பஸ்ல அஞ்சு வகை சோறும் கட்டிக்கினு வந்துடுவாங்க.

— அந்தச் சோத்து மூட்டைய அவங்க அவுக்கவே கூடாதுங்க.

— நல்லா இருக்குதே! அஞ்சாம் மாசம் தாய்வூட்டுச் சோறு வேணாம்னு எந்தப் பொண்ணாவது சொல்லுவாளா? இந்த சிங்காரவேலுக்குப் புள்ள வரப்போவுதுன்னு மைன்ஸ் பூரா பேச்சு.

— அஞ்சாம் மாசம் இல்லீங்க. ஒரு மாசமும் இல்ல. என் வயித்துல புள்ள இல்ல.

— இன்னா சொல்ற? கலைஞ்சிடுச்சா?

— எப்பவுமே இல்ல. ரெண்டு மாசம் தள்ளிப் போச்சி, நானும் நம்பினேன். மூணாம் மாசம் தீட்டு வந்துடுச்சி. நீங்க டபுள் ஷிப்டு பாத்துக்கினு இருந்த வாரம். அதுக்குள்ள பிளாக் பூரா சேதி போயிடுச்சி.

— அப்ப அந்த வாந்தி? பக்கத்து வூட்டுத் தனம் அக்கா கண்ணால பாத்தேன்னாங்களே.

— வாந்தி நெசம். நானே வெரல வுட்டு எடுத்தது.

— வெரல வுட்டா? இன்னாத்துக்கு?

— தின்னுட்டதுக்கு. நீங்க ஷிப்டுக்குப் போனதும் கதவச் சாத்திக்கினு தின்னுவேங்க. பசியில்ல. நின்னுக்கினே பானையில கைய வுட்டு, கொழம்பு ஊத்தக்கூடப் பொறுமை இல்லாம. சோறு தீந்தா பண்ருட்டி முந்திரி, அதுவும் தீந்தா வெல்லம். ருசி கேட்டா சொல்லத் தெரியாது. வயிறு கல்லா ஆனப்புறந்தான் கை நிக்கும். அப்புறம் என்னைப் பாத்தா எனக்கே அருவருப்பா வரும். பின்பக்கம் போயி எல்லாத்தையும் எடுத்துடுவேன்.

— மத்த நாள்ல நீ ஒண்ணுமே தின்னறதில்லியே! செவ்வாக்கிழமை ஒருபொழுது, வெள்ளிக்கிழமை ஒருபொழுது, அமாவாசை, கிருத்திகைன்னு…

— பின்ன? உங்கம்மா இன்னா சொன்னாங்க? ‘கொழுப்பு அடைச்சிக்கினு கெடக்குது, அந்த ஒடம்புல கரு எங்கேர்ந்து தங்கும்’னாங்க. எளைச்சாத்தான் புள்ளன்னு ரெண்டு வருசமா வயித்தக் காயப் போட்டேன். நாலு நாள் காஞ்சா அஞ்சாம் நாள் கை என் பேச்சக் கேக்காது.

— இத அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?

— எப்படிச் சொல்லுவேன்? குண்டம்மான்னு கூப்புட்டவங்கல்லாம் புள்ளத்தாச்சின்னதும் தட்டு தட்டாக் கொண்டாந்தாங்க. திருநெல்வேலிக்காரங்க உளுந்தங்கஞ்சி, மதுரைக்காரங்க பணியாரம், கோயமுத்தூர்க்காரங்க கச்சாயம். வயிறு தெரியுதான்னு யாரும் பாக்கல. எனக்குத்தான் எப்பவும் இருக்குதே. நான் தின்னறதப் பாத்து நாலு பேரு சந்தோசப்பட்டது என் ஜென்மத்துல அதான் மொத தடவ. நீங்களுந்தான். காடாம்புலியூர்லேர்ந்து பலாப்பழத்தத் தோள்ல தூக்கிக்கினு வந்தீங்க. பாவி நான், அதையும் தின்னேன்.

— கெடக்கட்டும் வுடு. இப்ப மட்டும் எப்படி வாய் வந்துது?

— ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க, மனசு வைத்தியம் படிச்சவங்க. பொம்பளைங்க எப்ப தின்னறாங்க, அப்ப மனசுல இன்னா ஓடுதுன்னு கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிக்கினு இருக்காங்க. ஆராய்ச்சியாம். முந்தாநாள் என்னையும் உக்கார வெச்சிக் கேட்டாங்க. ‘தின்னறப்ப யாரு கொரலும்மா உன் காதுல கேக்குது’ன்னாங்க. அழுதுட்டேங்க.

— இன்னா சொன்னாங்க?

— இது பேராசையும் இல்லியாம், திருட்டுப் புத்தியும் இல்லியாம். பட்டினியே இப்படி அள்ளித் தின்ன வெக்கும்னு தோணுது, இன்னும் நெறைய பேர்கிட்ட கேட்டாத்தான் தெரியும்னாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. ‘கொறை உன் ஒடம்புலதான்னு எந்த டாக்டர் சொன்னாரு?’ன்னு. டாக்டர் எதுக்குங்க, ஊருக்கே தெரிஞ்சதுதானேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— அம்சா…

— அடிக்கறதுன்னா இப்பவே அடிச்சிடுங்க, எங்கம்மா எதிர்ல வேணாம். நடவுக் கூலியா வந்த நெல்லக் குத்தி எடுத்துக்கினு வர்றாங்க. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். இன்னாங்க இது? அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா? புள்ள இல்லன்னு சொல்றேன், கும்புடு போடறீங்களே!

— சாமியத்தான் கும்புட்டேன். உன்னை அடிக்கறதுக்கு எனக்குக் கை ஏது? எங்கம்மா உன்ன அப்படிப் பேசறப்பல்லாம் நான் வாயத் தொறந்திருக்கணும்.

— அவங்க இல்லாததயா சொன்னாங்க? நீங்க இன்னாத்தச் சொல்லித் தடுத்திருக்க முடியும்?

— கடலூர் டாக்டர்கிட்ட நான் சோதிச்சிக்கினு வந்து ரெண்டு வருசம் ஆவுது, கொறை எனக்குத்தான். அத மறைச்சிக்கினு நீ பட்டினி கெடக்கறதப் பாத்துக்கினே இருந்தேன். நீ வாந்தி எடுக்கறப்ப, யாரோட புள்ளயா இருந்தாலும் என் பேரச் சொல்லட்டும்னு இருந்துட்டேன்.