குட்டை இறக்கை

புதிதாகப் பழகுகிறவருக்குக் குட்டையான, அகலமான இறக்கைதான் நல்லது, ஐயா. இதை விளக்கிச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

நின்றபடி கடலில் ஓட்டும், காற்றுப் பாய் கட்டிய பலகைக்கு அடியில் ஒரு தண்டு தொங்கும். அதன் நுனியில், தண்ணீருக்குள், விமானத்துக்கு இருப்பதுபோல் இறக்கை. வேகம் எடுத்ததும் அது பலகையையே நீருக்கு மேலே தூக்கிவிடும். அந்த இறக்கை குட்டையாக இருந்தால் மெதுவாகப் போனாலும் தாங்கும்; தப்புச் செய்தாலும் மெல்லத்தான் கீழே இறக்கும். ஒல்லியான நீள இறக்கை அப்படியல்ல. சாய்ந்து திரும்பும்போது இறக்கையின் நுனி நீருக்கு வெளியே வந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து, தாங்கிய பிடி அந்தக் கணமே அற்றுவிடும்.

முகத்துவாரக்குப்பத்துப் பொன்ராஜுக்கு நான் குட்டை இறக்கைதான் மாட்டிக்கொடுத்து வந்தேன்.

"இன்னா நைனா, வவ்வால் மீனு மாரி கீது?" என்று முதல் நாளே அதைத் தடவினான். எண்ணெய்க் கை. எண்ணூர் முகத்துவாரத்தில் கறுப்புப் படலம் மிதக்கும் நாட்களிலும் அவன் இறங்குவான். உப்புநீரை வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அதே கையை என் தோளில் போடுவான். நான் முகத்தைத் திருப்பினால், "மூக்கப் புட்ச்சிகினு இருந்தா காத்த எப்டி நைனா புடிப்ப?" என்பான். கரையில் எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் யாரையும் இழிவாக நினைப்பவனில்லை. எனக்கு அழுக்குதான் ஆகாது.

அவன் வந்த பிறகு எங்கள் கொட்டகையில் செத்த நண்டு நாற்றம் நிரந்தரமாகிவிட்டது. என் ரப்பர் காலணிகளை வெளியே காயவைத்தால் அவன் கை படும் என்று, ஈரத்தோடேயே பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தேன். அப்படியும் நாற்றம் கூடிக்கொண்டே போனது.

பயிற்சிப் பள்ளியை நடத்தும் சௌமியா மேடம், அவன் தேர்வில் ஒழுங்காகத் திரும்பிக் காட்டிவிட்டால் அடுத்த மாதம் முதல் எனக்கு உதவிப் பயிற்சியாளன் என்றார். அதே கொட்டகை, அதே மேசை, அதே தண்ணீர்க் குடம்.

தேர்வன்று நீள இறக்கையை மாட்டினேன். குட்டை இறக்கையை அப்போதுதான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து உறையில் வைத்திருந்தேன். அதை மறுபடி அழுக்காக்க மனம் வரவில்லை.

"இது இன்னா, இம்மா நீளமா கீது?"

"நீ தேறிவிட்டாய். இனி இதுதான்" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எங்கம்மா கைல சொன்னா நம்பவே நம்பாது நைனா." அந்தச் சட்டையை நான் பிறகு எரித்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழும்போது பாயின் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். இது மற்றவர்களுக்கு ஒரே நாளில் வந்துவிடும். பொன்ராஜுக்கு வரவே இல்லை. வலைக்கயிற்றைக் கைநழுவ விடக்கூடாது என்று படகில் வளர்ந்தவன்; எது இழுத்தாலும் பிடி இறுகும். விடாமல் பிடித்தால் பாய் ஆளைச் சேர்த்தே தூக்கி, காற்று போகும் பக்கம் வீசும். குட்டை இறக்கையில் பலமுறை அப்படி விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறான்.

அன்று காற்று, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை நோக்கி வீசியது. கற்களை ஒட்டிச் சாய்ந்து திரும்பச் சொன்னேன். நுனி வெளியே வந்தது. பலகை விழுந்தது. அவன் விடவில்லை. தலைக்கவசம் போட்டிருந்தான், கழுத்துக்கு எதுவும் கிடையாது. கடைசி வரை கை பாயைப் பிடித்தபடியே இருந்தது. எல்லாம் நான் கணக்கிட்ட மாதிரியே நடந்தது. இதை விபத்து என்று எழுதாதீர்கள், ஐயா, நான்தான் செய்தேன்.

ஒரே ஒரு குறை. அவன் போன பிறகும் கொட்டகையில் அந்த நாற்றம் அப்படியே இருக்கிறது. சோதனைக்கு வந்த உங்கள் காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக என் பெட்டியிடம் போய், அதைத் திறக்கச் சொன்னார். நான் இல்லாதபோது பொன்ராஜ் என் காலணிகளை எடுத்து மாட்டியிருக்க வேண்டும். பூட்டை எப்படித் திறந்தான் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.