ஏழாவது லெவல்

எழுதி எனக்குப் பழக்கமில்லை, ஷெர்லின் மேடம். மண்டியில் சரக்குச் சீட்டு எழுதியதோடு சரி. நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து அந்த விளையாட்டுக் கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இத ஏழாவது லெவல்ல வச்சது யாரு?" என்று கேட்டீர்கள். மதினி பக்கத்தில் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. 'அண்ணன் எப்போ சாவான், திண்ணை எப்போ காலியாகும்' என்று ஒரு பேச்சு உண்டு. நான் அந்த ரகம் இல்லை. மாசி மாதம் மகாராஜன் அண்ணன் பக்கவாதம் வந்து விழுந்தபோது, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். கால் சீக்கிரம் தேறிவிட்டது. வலது கைதான் மிச்சம்.

அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த நீங்கள் வி.ஆர். மேசைப்பந்து விளையாடச் சொன்னீர்கள். வாங்கி வந்தவனும் நான்தான். கண்ணாடியை மாட்டி, பிடியைக் கையில் கட்டிவிட்டால், வீட்டுக் கூடத்திலேயே மேசையும் பந்தும் எதிராளியும் வந்து நிற்பார்கள். முதல் நாள், இல்லாத மேசையில் அண்ணன் இடது கையை ஊன்றப் போனார். நான் இடுப்பைப் பிடித்தேன். "ஏலே இசக்கி, மேசைய எங்கலே தூக்கிட்டுப் போன?" என்றார். நீங்களும் சிரித்தீர்கள்.

பிரசவத்துக்குப் புறப்படும்போது என்னிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனீர்கள். "ஜெயிக்க ஜெயிக்கத்தான் கை நீளும், அதனால லேசான லெவல்லயே விடுங்க. ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் கை. பொறவு ரொம்பக் கஷ்டம்." இரண்டையும் நான் மறக்கவில்லை.

எங்கள் மண்டியிலிருந்துதான் மாலத்தீவுத் தோணிகளுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் போகின்றன. இருபத்திரண்டு வருடமாக லாரியோடு துறைமுகத்தில் வெயிலில் காய்ந்தவன் நான். கல்லாவில் அண்ணன். கல்லாவில் இருப்பவருக்குத்தானே அண்ணாச்சிப் பட்டம். நேற்று வேலைக்குச் சேர்ந்த லோடுமேன்கூட என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி இல்லையா?" என்பான். நாற்பத்தாறு வயதில் நான் வெறும் இசக்கி.

அண்ணன் விழுந்த மூன்றாம் வாரம், கல்லாவில் நான் இருந்தேன். தோணி ஓட்டும் தண்டல் கிளாட்வின் வந்து, "அண்ணாச்சி, வெங்காயம் இன்னைக்கு ஏத்திருவமா?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அன்று முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

சித்திரைக் கடைசியில் அண்ணன் முதல் தடவையாக ஜெயித்தார். பதினொன்றுக்கு ஆறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏலே, கை வருதுலே. ஆவணி பொறக்கட்டும், நான் கடைக்கு வாரேன்" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். நீங்கள் நம்பாவிட்டால் பாதகமில்லை.

மறுநாள் லெவலை இரண்டாக்கினேன். ஆட்டத்தைத் திறந்து வைத்து அவர் தலையில் மாட்டிவிடுவது என் வேலை. லெவல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பதினொன்றுக்கு இரண்டில் தோற்றார்.

"நேத்து வந்த கை இன்னைக்கு எங்கலே போச்சு?"

"வரும்ணே. அவசரப்படாதிய."

பத்து நாளில் இரண்டிலும் ஜெயிக்கப் பார்த்தார். மூன்றாக்கினேன். அப்புறம் நான்கு, ஐந்து என்று ஏழு வரைக்கும். கை ஏற ஏற நானும் ஏற்றினேன். நீங்கள் போனில் விசாரிக்கும்போதெல்லாம், "தெனமும் விளையாடுதாவ மேடம்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒருநாள் மதினி, "இப்ப டம்ளரப் பிடிச்சுக் குடிக்கியளே" என்று ஆறுதல் சொன்னார்கள். "டம்ளரப் பிடிச்சு என்னளா செய்ய? பந்து ஒண்ணு திரும்பலயே" என்று அண்ணன் எரிந்து விழுந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான். தராசு முள் சொன்னால்தான் நம்புவார்.

அந்தக் கை எவ்வளவு தேறியிருந்தது என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நல்ல கை, மேடம். ஏழாவது லெவலை நான் மாட்டிப் பார்த்தேன், ஒரு பந்தைக்கூடத் தொட முடியவில்லை. அவர் அதிலும் நான்கு பாயிண்ட் எடுத்தார். எனக்கு அப்படியொரு எரிச்சல். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, படுத்த பிறகும் மனுஷன் நம்மைவிட உயரமாக இருந்தால் என்னதான் செய்வது? நல்லவேளை, அந்த நான்கு அவர் கண்ணில் படவில்லை. எதிராளியின் பதினொன்றுதான் பட்டது.

ஆடியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எனக்கு அவ்வளவுதாம்லே. கடைய நீயே பாத்துக்கோ." மற்ற பயிற்சிகளையும் விட்டுவிட்டார். டம்ளர் பிடிப்பதும் போயிற்று. மதினி ஊட்டிவிடுகிறார்கள். நான் வற்புறுத்தவில்லை. மனம் நொந்தவரை வற்புறுத்துவது பாவம் இல்லையா? ஆறு மாதம் முடிகிற தேதி வரைக்கும் பொறுத்திருந்தேன், அவ்வளவுதான். ஆவணி பிறந்தது. கல்லாவில் நான்தான் இருந்தேன்.

இதை அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். கை போனதை மனுஷன் தாங்கிக்கொண்டார். வந்துகொண்டிருந்த கை என்று தெரிந்தால் தாங்க மாட்டார்.

உங்களுக்கும் வருத்தம் வேண்டாம். நேற்று நீங்கள் போன பிறகு, நீங்கள் சொன்னபடியே லெவலை ஒன்றுக்கு இறக்கி, அண்ணனைக் கெஞ்சி ஓர் ஆட்டம் ஆட வைத்தேன். கை மடியைவிட்டு எழும்பவே இல்லை. பதினொன்றுக்குப் பூஜ்யம். ஆக, ஒன்றில் வைத்திருந்தாலும் அவருக்கு முடிந்திருக்காதுதான்.